துளியும் இல்லாத துளி

கோரிமேட்டில் ஒரு மருத்துவ நகரமே உண்டு. 1823-இல் பிரெஞ்சு ஆட்சி புதுவையில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-இல் இம்மேட்டில் குடியேறிய ஜிப்மர் அது. விழுப்புரத்தாரும் கடலூராரும் விடியுமுன் பேருந்தேறி வந்து இங்கே வரிசையில் நிற்கின்றனர். குருதியை ஆய்ந்து, ஊடுகதிரால் உள்ளுறுப்பை நோக்கி, நோய்க்குப் பெயர் சொல்லும் இடம். ஆயினும் வரிசையில் நிற்பவர் பையிலும், சோதிடனை எள்ளி நகையாடும் தோழர் வீட்டு அலமாரியிலும் வெள்ளை உருண்டைகள் நிறைந்த சிறு குப்பி ஒன்று இருக்கக் காண்கிறோம். ஓமியோபதி! அதன் மூலநூலை, வேறெந்த நூலையும் மதிப்பிடும் முறையிலேயே மதிப்பிட்டால் என்ன?

நூலின் பெயர் ஆர்கனான். ஆண்டு 1810. ஆசிரியர் செருமனியின் மைசன் நகரில் 1755-இல் பிறந்த சாமுவேல் ஆனிமன். அவர் போலியல்லர், கற்றவர், பன்மொழி அறிந்தவர். அவர் காலத்து மருத்துவமோ நோயாளியின் நரம்பைக் கீறிக் குருதியை வடித்தது; பாதரசத்தைப் புகட்டியது; நோயால் சாகாதவனை மருந்தால் சாகடித்தது. அதை எதிர்த்து எழுந்த குரல் ஆனிமனுடையது. மனநோயாளரைக் கட்டி வைத்து அடித்த காலத்தில், அவர்களை மனிதராக நடத்தியவர் அவர். மருந்தை மனிதர்மீது சோதித்தறிய வேண்டும் என்றவரும் அவரே. நூலின் முதற்பகுதியில் உள்ள இந்தச் சீற்றத்துக்கு நாம் தலைவணங்கலாம். ஆனால், பழையது பிழை என்று காட்டிவிட்டால் புதியது சரியென்று ஆகிவிடுமா?

1790-இல் கல்லன் என்பார் எழுதிய மருந்து நூலை மொழிபெயர்க்கும்போது, ஆனிமன் சிங்கோனாப் பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். குளிர்சுரம் போன்ற குறிகள் தம் உடலில் தோன்றின என்றார். சுரத்தைத் தீர்க்கும் பட்டை சுரத்தைத் தருகிறது. எனவே ஒத்ததை ஒத்ததே தீர்க்கும்! இவ்வொரு தூணின்மீதே மாளிகை முழுதும் நிற்கிறது. தூண் உறுதியானதா? 1820-இல் பாரிசில் பெல்லெத்தியேரும் கவாந்துவும் அப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தனர். 1880-இல் பிரெஞ்சுப் படை மருத்துவர் இலவெரான், மலேரியா நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். குயினைன் அவ்வொட்டுண்ணியைக் கொல்கிறது; சுரம் தீர்கிறது. ஒப்புமைக்கு அங்கே வேலையே இல்லை! புறக்குறிகளின் தொகுதியே மருத்துவனுக்குப் போதும், உள்காரணத்தைத் தேடித் துருவ வேண்டா என்பது ஆர்கனான். நோயின் காரணத்தையும் ஆராயச் சொன்னது குறள். காலத்தால் முந்திய நூல் எது, கருத்தால் முந்திய நூல் எது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் கோட்பாடு இன்னும் வியப்பானது. மருந்தை நீர்க்கச் செய்து குலுக்கக் குலுக்க வீரியம் ஏறுமாம். கணக்கைப் பார்ப்போம். 342 கிராம் சர்க்கரையில் ஏறத்தாழ 6 என்ற எண்ணுக்குப்பின் 23 சுழிகள் இட்ட அளவு மூலக்கூறுகள் உள. அதைக் கரைத்து, நூற்றில் ஒரு பங்கை அடுத்த குடுவையில் 99 பங்கு நீரில் விடுக. அதில் நூற்றில் ஒன்றை அதற்கடுத்த குடுவைக்கு மாற்றுக. பன்னிரண்டாம் முறை மாற்றியபின் சர்க்கரையின் ஒரு மூலக்கூறு எஞ்சுவதும் ஐயமாகிவிடும். கடையில் விற்கும் '30' என்னும் வீரியமோ இவ்வாறு முப்பது முறை! குப்பியில் எஞ்சுவது பெயர்ச்சீட்டு ஒன்றே. அணுக்கணக்கு தெளிவாகுமுன் 1843-இல் பாரிசில் மறைந்த ஆனிமனை இதற்காகப் பழிக்க வேண்டா. தெரிந்தபின்னும் விற்போரை என்னென்பது?

"நீர் நினைவு வைத்திருக்கும்" என்பர். 1988-இல் பிரெஞ்சு அறிஞர் பென்வெனிஸ்து அப்படித்தான் நேச்சர் இதழில் எழுதினார். எக்குழாயில் எது உள்ளது என்பதை ஆய்வாளருக்கு மறைத்துச் சோதித்தபோது விளைவு மறைந்தது. நீருக்கு நினைவிருந்தால், அது தொட்டுவந்த சாக்கடையையும் நினைக்க வேண்டுமன்றோ!

"என் குழந்தைக்குக் குணமாயிற்றே?" ஆயிற்று, மறுக்கவில்லை. சளியும் காய்ச்சலும் பலவும் தாமே தணிபவை. கூடியும் குறைந்தும் வரும் வலி, கூடியபோது மருந்து தேடவைத்துப் பின் தானே குறையும். எனவேதான் ஒருவர் கதையை விட்டு, உண்மை மருந்தையும் வெற்று உருண்டையையும் பலருக்கு மறைவாய்க் கொடுத்து ஒப்பிடுகின்றனர். 2005-இல் லான்செட் இதழ், ஓமியோபதி ஆய்வுகள் 110-ஐ நவீன மருத்துவ ஆய்வுகள் 110-உடன் வைத்து நோக்கியது. ஓமியோபதியின் பயன் வெற்று உருண்டையின் பயனுக்கு மேற்பட்டதன்று என்பதே முடிவு. 2015-இல் ஆத்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றம், இம்முறை பயன்தரும் என்று நம்பத்தக்க சான்றுள்ள நோய் ஒன்றேனும் இல்லை என்றது. ஆனிமன் கண்மூடிய பிரான்சு, 2021 முதல் இதற்குப் பொதுப்பணம் தருவதை நிறுத்திற்று.

இங்கோ? 1973-இல் ஓமியோபதிக்கென மைய மன்றச் சட்டம். 2014 முதல் ஆயுஷ் அமைச்சகம். 2020 சனவரியில் கொரோனாவைத் தடுக்க ஆர்சனிகம் ஆல்பம் 30 உண்ணலாம் என்று அவ்வமைச்சகம் அறிவுரை தந்தது. முப்பது முறை நீர்த்த ஒன்றைத் தடுப்பென்று நம்பியவன் முகக்கவசத்தைக் கழற்றினால் பொறுப்பு யாருடையது?

கல்கத்தாவின் மகேந்திரலால் சர்க்கார் நவீன மருத்துவம் கற்றவர். 1867-இல் ஓமியோபதிக்கு மாறினார். அவரே 1876-இல் அறிவியல் வளர்ச்சிக்கெனக் கழகம் ஒன்றை நிறுவினார். அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் 1928-இல் இராமன் ஒளிச்சிதறலைக் கண்டார். சர்க்காரின் கொடைகளில் நாம் எதைப் போற்றிக் காப்பது? மருந்துக் குப்பியையா, ஆய்வுக்கூடத்தையா?

மக்கள் ஏன் நாடுகிறார்கள் என்பதையும் நேர்மையோடு கேட்போம். ஓமியோபதியர் உட்காரவைத்து ஒருமணி நேரம் கேட்கிறார்; உறக்கம், கனவு, கவலை அனைத்தையும் கேட்கிறார். கூட்டம் நெருக்கும் அரசு மருத்துவமனையில் ஏழையிடம் அவ்வளவு பேச யாருக்கு நேரம்? எனவே நம் கோரிக்கை இரண்டு: மருத்துவர் எண்ணிக்கை பெருகவேண்டும், அவர்கள் நோயாளியின் சொல்லைக் கேட்கவேண்டும். அன்பு மருந்தன்று, ஆனால் மருந்தோடு சேரவேண்டியது.

சளிக்கு உருண்டை தின்பவன் இழப்பது சில காசு. மார்பில் கட்டி கண்ட தாய், ஆறு மாதம் உருண்டை தின்றுவிட்டுக் கோரிமேட்டு வரிசைக்கு வந்தால் இழப்பது உயிர்! தோழர்களே, தாயத்தைக் கேட்ட கேள்வியைக் குப்பியிடமும் கேளுங்கள்: "உன்னுள் என்ன இருக்கிறது? எங்கே சான்று?" நம் வீட்டு அலமாரிக்கு மட்டும் விலக்களிப்பது பகுத்தறிவாகாது.