குதிகால் உட்காரும் இடம்

பனிச்சறுக்கு பூட்ஸைக் கையில் எடுத்தால் போர்க்கவசம் போலக் கனக்கும். வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தென்ற உறை, முன்னால் பெரும்பாலும் நான்கு கொக்கிகள். இத்தாலியின் மொண்டெபெல்லூனா ஊரில் தலைமுறைகளாக இதுதான் தொழில். 1960களில் அமெரிக்கர் பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவரும்வரை எல்லாம் தோல்தான்; ஈரம் குடித்துத் தொளதொளத்துப் போகும்.

ஓரளவு கற்று அடுத்த படிக்குப் போகிறவர்கள், சொகுசு என்று எண்ணி ஓர் அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். உள்ளே கால் ஆடும், அதைப் பிடித்து நிறுத்தக் கொக்கியை இறுக்குவார்கள், பாதம் மரத்துப்போகும். அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். நல்ல கடைக்காரர் செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். உறையை உருவிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடச் சொல்வார். விரல் நுனி முன்சுவரைத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. எவ்வளவு எளிமை, எவ்வளவு நேர்மை!

பிறகு உறையோடு, மெல்லிய ஒற்றைக் காலுறையோடு போட்டு, முழங்காலை முன்னால் மடக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் முட்டிய கட்டைவிரல் மெல்லப் பின்வாங்கும்; குதிகால் தன் குழியில் போய் உட்காரும். அந்தக் கணத்தை உடம்பே சொல்லிவிடும். விறைப்பு எண் 80, 90, 100 என்று எழுதியிருப்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிட முடியாது. கணுக்கால் மடங்குகிறதா என்று பார்ப்பதே மேல்.

அப்படியே கடைக்குள் கால் மணி நேரம் நின்று பாருங்கள். விரல்கள் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் கவலை வேண்டாம். சில நாள் சறுக்கியதும் உறை அமுங்கி இடம் தரும்.