அஞ்சு நிமிஷம் நின்ற கப்பல்

எழுமலை மாமா போன் செய்தார். மாமா என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபத்தெட்டு வயது.

"மாப்ள, வாட்ஸப்ல ஒரு படம் அனுப்பியிருக்கேன், பாத்தியா? பாப்பா எங்க ரெண்டு பேருக்கும் கப்பல்ல டிக்கெட் போடப் போறாளாம். சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு போயிட்டுத் திரும்புறது. எந்த ரூம் வேணும்னு கேக்குறா. தீப்பெட்டிய அடுக்கி வச்ச மாதிரி வரைஞ்சு வச்சிருக்காய்ங்க. ஒண்ணும் விளங்கல."

எழுமலை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். கடலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கிருந்து ஒருவர் கப்பலில் பால்கனி ரூமா, ஜன்னல் ரூமா என்று கேட்கிற காலம் வந்திருக்கிறது. சந்தோஷம்தான்.

படத்தைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு மாடி. மேலே போகப் போக விலையும் ஏறுகிறது. உச்சியில் இருக்கும் பால்கனி அறையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஒயின் கோப்பையோடு சூரிய அஸ்தமனம் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்த மாதிரி விளம்பரத்தாள்களை நான் கதை படிப்பது போலத்தான் படிப்பேன். சொன்னதை விட சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கும். இந்தத் தாள் சொல்லாமல் விட்டது, கப்பல் ஆடும் என்பதை.

உசிலம்பட்டியிலிருந்து எழுமலைக்கு டவுன் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தப் பாடம் தனியாக வேண்டாம். பின் சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகெலும்பு பதில் சொல்ல வேண்டும். விவரமானவர்கள் நடுவில் இடம் பிடிப்பார்கள். கப்பலும் அப்படித்தான். முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது இரண்டு முனைகளுக்கும்தான் அதிக ஆட்டம். பக்கவாட்டில் சாயும்போது உயரமான தளத்துக்கு அதிக ஆட்டம். ஆக, வயிறு நிம்மதியாக இருக்க வேண்டுமானால் கீழ்த்தளத்தில், நீளவாக்கில் நடுவில் இருக்கும் அறை. பெரும்பாலும் அதுதான் விலை குறைந்ததும்!

இன்னும் உண்டு. தலைக்கு மேல் நீச்சல் குளமோ டான்ஸ் ஹாலோ இருந்தால் காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள் என்று நடுவே மாட்டிக்கொண்ட தளம்தான் அமைதி. மூக்குப் பக்கம் போனால் நங்கூரச் சங்கிலி, வால் பக்கம் போனால் இன்ஜின் அதிர்வு. ஜன்னல் இருக்கிறது என்று காசு கொடுத்து உள்ளே போனால் வெளியே உயிர்காக்கும் படகு ஒன்று மறைத்துக்கொண்டு தொங்கும். 'போஷ்' என்ற இங்கிலீஷ் வார்த்தைகூட, இந்தியாவுக்கு வரும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை என்று வெயில் படாத பக்கமாகப் பணக்காரர்கள் கேட்டு வாங்கியதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை. ஆதாரம் மட்டும் கிடையாது.

இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அன்று ராத்திரி நான் அலமாரியில் தேடி எடுத்தது வேறொரு புத்தகம். காந்தியின் 'சத்திய சோதனை'.

சிரிக்காதீர்கள். கப்பலில் எங்கே படுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. அதுவும் ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்தான், தெரியுமோ? 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் குஜராத்தியில் வெளிவந்து, பிறகு புத்தகமானது. பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்துக் கொடுத்தே யாரும் படிக்காமல் போன புத்தகங்களில் முதலிடம் அதற்குத்தான். நீதிநூல் என்ற நினைப்பை மறந்துவிட்டு, பயண நூலாக ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

1888. பதினெட்டு வயதுப் பையன் லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போகிறான். இரண்டாம் வகுப்பு. ஜூனாகட் வக்கீல் ஒருவர் இருந்த அறையிலேயே நண்பர்கள் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் பேசக் கூச்சம். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் மாமிசம் இருக்கிறது என்று கேட்கவும் தைரியம் இல்லை. அதனால் சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்றுகொண்டு கிடக்கிறான். ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து டெக்குக்கு வருகிறான். அறை அவனுக்கு ஒளிந்துகொள்ளும் இடம். வெளியூர் ஹாஸ்டலில் முதல் மாதம் கழித்த யாருக்கும் இந்தப் பக்கங்கள் புரியும்.

அடுத்து 1893. இப்போது பாரிஸ்டர். தென்னாப்பிரிக்காவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பம்பாயில் முதல் வகுப்பு டிக்கெட் இல்லை என்று கைவிரிக்கிறார் ஏஜென்ட். வேண்டுமானால் டெக்கில் போகலாம், சாப்பாட்டுக்கு மட்டும் மேலே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். பாரிஸ்டர் டெக்கில் போவதாவது! இவர் நேரே கப்பலுக்கே போய்த் தலைமை அதிகாரியைப் பிடிக்கிறார். மொசாம்பிக் கவர்னர் ஜெனரல் வருவதால் எல்லா இடமும் போய்விட்டது என்கிறார் அதிகாரி. ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் அறையிலேயே ஒரு படுக்கை கூடுதலாக இருக்கிறது, வழக்கமாகப் பயணிகளுக்குத் தருவதில்லை, உனக்குத் தருகிறேன் என்கிறார்.

அதிகாரி அறையில் படுத்தால் என்ன கிடைக்கும்? கேப்டனின் பழக்கம் கிடைக்கும். கேப்டனுக்குச் செஸ் பைத்தியம். ஆனால் ஆட்டம் சுமார். தன்னைவிட மோசமாக ஆடுகிற ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தவருக்குக் காந்தி கிடைத்தார்!

இதற்குப் பிறகு வருவதுதான் நான் சொல்ல வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் லாமு என்ற துறைமுகம். கப்பல் சில மணி நேரம் நிற்கிறது. காந்தி ஊர் பார்க்க இறங்குகிறார். இது பொல்லாத துறைமுகம், சீக்கிரம் வந்துவிடு என்று கேப்டன் எச்சரித்திருக்கிறார். டெக் பயணிகள் சிலரும் இறங்கியிருக்கிறார்கள். ஊர் பார்க்க அல்ல. தரையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சமைத்து நாலு வாய் நல்ல சாப்பாடு சாப்பிட. திரும்பும்போது எல்லோரும் ஒரே படகில் ஏறுகிறார்கள். படகில் பாரம் அதிகம். நீரோட்டம் இழுக்கிறது. கப்பல் ஏணியைத் தொடுகிற மாதிரி வந்து வந்து படகு விலகிப் போகிறது. புறப்படுகிற முதல் ஊதல் ஊதியாகிவிட்டது.

மேலிருந்து கேப்டன் பார்க்கிறார். ஐந்து நிமிஷம் கூடுதலாக நிறுத்தச் சொல்கிறார். ஒரு நண்பர் பத்து ரூபாய் கொடுத்து வேறொரு படகை அனுப்ப, அது காந்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு வருகிறது. ஏணியைத் தூக்கிவிட்டார்கள். கயிறு கட்டி மேலே இழுக்கிறார்கள். கப்பல் கிளம்பிவிடுகிறது.

மற்றவர்கள்? அவர்கள் பின்தங்கிவிட்டார்கள் என்று ஒரே ஒரு சின்ன வாக்கியம். அவ்வளவுதான். கேப்டன் எச்சரித்ததன் அருமை அப்போது புரிந்தது என்று சொல்லிவிட்டு, காந்தி அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுகிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தப் படகில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுடைய மூட்டை முடிச்சு, பாய், பெட்டி எல்லாம் கப்பலில் அல்லவா போய்க்கொண்டிருக்கிறது? அடுத்த கப்பல் எப்போது? சோறு வெந்ததும் வேகாததுமாகக் கிளம்பியிருந்தால் தப்பித்திருப்பார்களோ? புத்தகத்தில் பதில் இல்லை.

அதே 1893-ல், சில வாரங்களுக்குள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து காந்தியைத் தள்ளிவிட்டார்கள். அது ஊருக்கே தெரியும். சினிமாவில் பார்த்திருக்கிறோம், மேடையில் கேட்டிருக்கிறோம். லாமு அப்படிப் பிரபலமாகவில்லை. ரயிலில் அவர் தள்ளப்பட்டவர். லாமுவில் தூக்கிவிடப்பட்டவர். என்னைக் கேட்டால், இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் படிக்காதவர்கள் அந்த ரயில் சம்பவத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

இந்த ஒற்றை வாக்கியம் புத்தகத்தின் குறையா, நிறையா? ரொம்ப நேரம் யோசித்தேன். காந்தி இதை எழுதியது 1920-களில். அதற்குள் மூன்றாம் வகுப்பு ரயிலில் நாடு முழுக்கச் சுற்றியவர். மதுரை மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று மேல்துணியை உதறிவிட்டு முழத்துண்டு கட்டியவர். அந்த மனுஷர் நினைத்திருந்தால் லாமுவைப் பற்றி ஒரு பக்கம் உருகி எழுதியிருக்கலாம். 'ஐயோ, அந்த ஏழைகளை விட்டுவிட்டு வந்தேனே' என்று. வேறு யாராவது எழுதியிருந்தால் நிச்சயம் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். இவர் செய்யவில்லை. இருபத்து மூன்று வயது பாரிஸ்டருக்கு அன்று என்ன தோன்றியதோ அதை மட்டும் வைத்துவிட்டார். பின்னால் வந்த ஞானத்தை முன்னால் கொண்டுபோய் ஒட்டவில்லை. அந்த நேர்மைக்காகவே அந்தப் பக்கத்தை எனக்குப் பிடிக்கிறது. இருந்தாலும், இன்னும் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாமே என்ற குறையும் போகவில்லை.

பிறகு அவர் படுக்கை கீழே இறங்கிக்கொண்டே போகிறது. 1914-ல் கஸ்தூரிபாவோடும் காலன்பாக்கோடும் இங்கிலாந்துக்கு மூன்றாம் வகுப்பில் போகிறார். காலன்பாக்கின் விலை உயர்ந்த தொலைநோக்கிக் கண்ணாடியைப் பற்றி விவாதம் நடந்து, கடைசியில் அது கடலுக்குள் போனது அந்தப் பயணத்தில்தான். காலன்பாக் வருத்தப்படவில்லை என்கிறார் காந்தி. வட்டமேஜை மாநாட்டுக்கு 1931-ல் 'ராஜ்புதானா' கப்பலில் போனது இந்தப் புத்தகம் முடிந்த பிற்பாடு. அந்தப் பயணத்தில் அறையை விட்டுவிட்டு இரண்டாம் வகுப்பு டெக்கிலேயே பகலும் ராத்திரியும் இருந்தார். பாரிஸ்டராக எதை வேண்டாம் என்றாரோ, அதை மகாத்மாவாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டு வாங்கினார் என்பதைக் கவனியுங்கள். டெக்கைத் தவிர வேறு இடமே இல்லாதவன் அங்கே படுப்பது வேறு விஷயம்.

அப்படிப் படுத்தவர்கள் நம் ஊரில் கொஞ்ச நஞ்சம் இல்லை. 'ராஜுலா' என்ற பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லியிருக்கக்கூடும். 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் ஐம்பது வருஷம் ஓடியது. அறை வசதி கொஞ்சம் பேருக்கு. ஆரம்பத்தில் டெக்கில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. பாயை விரித்த இடம்தான் அறை. அந்த டெக்கிலிருந்து ஒரு 'சத்திய சோதனை' நமக்கு வரவில்லை.

கிட்டத்தட்ட அந்தத் திசையிலிருந்து வந்த புத்தகம் என்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்கம்புணரிக்காரர். இளம் வயதில் இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போய், திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தவர். நாவல் 1972-ல் வந்தது. அதில் தொங்கான் என்கிற சரக்குத் தோணி புயலில் மாட்டுகிற பகுதியைப் படித்துப் பாருங்கள். முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எதுவும் அங்கே கிடையாது. கடலுக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே டிக்கெட். தமிழில் கடலை எழுதியவர்கள் பலர் கரையில் நின்று எழுதியவர்கள். சிங்காரத்தின் வாக்கியங்களோ தோணியோடு சேர்ந்தே தூக்கிப் போடப்படுகின்றன. வாழ்நாளில் கவனிக்கப்படாமல், 1997-ல் காலமானார். மதுரைக்காரர்களே பலர் இன்னும் படிக்கவில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்.

மறுநாள் காலையில் மாமாவைக் கூப்பிட்டேன். கீழ்த்தளம், நடுப்பகுதி, மேலேயும் கீழேயும் அறைகள் இருக்கிற தளம் என்று விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதத்தானப்பா எங்க அய்யாவும் சொல்லுவாரு" என்றார்.

"எந்த அய்யா?"

"எங்க அப்பாதான். முப்பத்தேழுல உசிலம்பட்டியில ரயில் ஏறி நாகப்பட்டினம் போயி, ராஜுலாவுல பினாங்கு போனவருல்ல. டெக்குல எடம் பிடிக்கிறதுக்கு அவர் ஒரு கணக்கு வச்சிருந்தாரு. அடுப்படிப் பக்கம் போகாத, பொகை. கொழாய்ப் பக்கம் போகாத, கூட்டம். முன்னாடி போகாத, கொடலு வாய்க்கு வந்துரும். நடுவுல, ஏணிப்படி மறைவுல பாயப் போடு. இம்புட்டுதான். பினாங்கப் பத்திக்கூட அவ்வளவா பேச மாட்டாரு. இத மட்டும் ஊர்ல கப்பலுக்குப் போற எல்லாருக்கும் கூப்பிட்டுச் சொல்லுவாரு."

எனக்குப் பேச்சு வரவில்லை. லாமு கதையைச் சொன்னேன். மாமா வாத்தியார் அல்லவா, குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "அவுக சோறாக்கின சட்டி பானையெல்லாம் படகுலதான இருந்திருக்கும்?" என்றார்.

"இருந்திருக்கும் மாமா."

"அப்ப சரி. ராத்திரிக்கு ஆக்கித் தின்னுருப்பாக" என்றார். பிறகு, பாப்பாவுக்கு எந்த ரூம் நம்பர் சொல்லட்டும் என்று கேட்டார். ஐந்தாம் தளத்தில் நடுவில் ஒன்றைப் பார்த்துச் சொன்னேன். ஜன்னல் உண்டா என்றார். உண்டு, படகு மறைக்காது என்றேன். அத்தையிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.