திருப்புகழில் ‘யான்’

அருணகிரிநாதரின் திருப்புகழை அவர்தம் வாழ்க்கை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பரத்தையர்பால் மயங்கிப் பொருளிழந்து நோயுற்றார். பின்னர்த் திருவண்ணாமலைக் கோபுரத்தினின்று வீழ்ந்தார் என்னும் கதைக்கு அப்பாடல்களே கரியாகக் காட்டப்பெறுகின்றன. பிரபுடதேவராயரைச் சுட்டும் பாடலால் அவர் காலம் 15ஆம் நூற்றாண்டு எனத் துணியலாம். ஆயின், தனிவாழ்வையும் அவ்வாறே பாடலினின்று பிரித்தெடுத்தல் தகுமா?

திருத்தணிகைப் பாடல்களை ஒருசேர வைத்துக் கற்க. பலவற்றின் முற்பகுதியில் மகளிரின் கூந்தலும் கண்ணும் நகையும் புனையப்படும். பிற்பகுதியில் வேலும் மயிலும் வள்ளியும் தணிகைமலையும் வரும். அம்மகளிர்க்குப் பெயரில்லை, ஊரில்லை, உவமைகளும் பொதுவானவை. பட்டறிவை நினைந்து பாடுவோன் ஒருத்தியையேனும் வேறுபடுத்திக் காட்டாதிருப்பனோ? பாடல்களின் வைப்புமுறையும் நமக்குத் துணையாகாது. 1894இல் முதல் தொகுதியை வெளியிட்ட வ. த. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் அரிதின் தேடித் தொகுத்தவை அவை. தலவாரியாக நிரல்படுத்தியது பதிப்பித்தோர் செயலே.

அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறலாகாது என்பது தொல்காப்பிய விதி. அதன் சாயல் ஈண்டும் படிந்திருக்கக் காண்கிறேன். சம்பந்தர் திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பொறித்தார். திருப்புகழில் அம்மரபு இல்லை. தலத்தின் பெயர் வெளிப்படை. பாடுவோன் பெயர் கரந்துறைவது. அதனாலன்றோ அந்த ‘யான்’ எவர்க்கும் உரியதாயிற்று? வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழாவில், டிசம்பர் 31ஆம் நாள் தணிகையின் 365 படிகளிலும் திருப்புகழ் பாடி ஏறுகின்றனர். காமத்தை நொந்து கூறும் சொற்களை மனைவி மக்களோடு நின்று பாடும் இல்லறத்தார் எவரும் நாணுவதில்லை.

இதற்கு ஒரு தடை உண்டு. மனைவி நகைக்க, ஊரார் நகைக்க, தந்தையும் சுற்றத்தாரும் நகைக்க நின்ற நிலையைக் கூறும் பாடலை வெறும் மரபு எனத் தள்ள என் மனம் ஒருப்படவில்லை. எனினும், அங்கும் வீட்டினுள் நிகழ்ந்தது யாதென்று புலவர் கூறினாரல்லர். இல்லத்தின் நகைப்பு ஊரின் நகைப்பாக விரிந்ததே கூறப்படுகிறது.

கந்தரனுபூதியோ இதற்கு மறுதலை. சொல்லற்றுச் சும்மா இருக்குமாறு முருகன் பணித்ததை அந்நூல் உரைக்கும். அங்ஙனம் இருந்து அறிந்தது யாது என்பதை உரைக்கவில்லை. குற்றத்தை மன்றத்தில் வைத்தவர் பேற்றைத் தமக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய தனிவாழ்வு எனத்தக்கது இப்பேறே. வரலாறு எழுதுவோர்க்கு அது ஒரு வரியும் தருவதில்லை.