அழுத பிறகு

1979 ஜனவரி கடைசி வாரத்தில் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சியில் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் நான்கு இரவுகள் ஓடியது. பெர்லினில் வாழும் வைஸ் என்ற யூத மருத்துவரின் குடும்பம் ஒருபுறம். வேலையில்லாத வழக்கறிஞராக இருந்து நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்ந்து, கொலைத் திட்டங்களை வகுப்பவனாக வளரும் டார்ஃப் மறுபுறம். இரண்டுமே கற்பனை. முந்தைய ஆண்டு அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் இது வெளியானபோது, ஆஷ்விட்ஸிலிருந்து உயிர்தப்பிய எலீ வீசல், யூதப் படுகொலையை இத்தொடர் மலினப்படுத்துகிறது என்று நியூயார்க் டைம்ஸில் கடுமையாக எழுதியிருந்தார். ஜெர்மன் நிலையங்களுக்கும் தயக்கம் இருந்தது. முதன்மை அலைவரிசையைத் தவிர்த்து, மாநில நிலையங்களின் மூன்றாம் அலைவரிசையில் போட்டார்கள். ஒளிபரப்பைத் தடுக்க நவநாஜிகள் குண்டும் வைத்துப் பார்த்தார்கள். அப்படியும் ஏறத்தாழ 2 கோடிப் பேர் பார்த்தார்கள்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிலையத்தார் திரையை அணைத்துவிடவில்லை. வரலாற்றாசிரியர்களை உட்காரவைத்து, நேயர்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்கள். 30,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. அழுதவர்கள், வசைபாடியவர்கள், போர்முனையில் தாம் கண்டதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னவர்கள் என எல்லாரும் அதில் இருந்தார்கள். முப்பது ஆண்டு ஆராய்ச்சியால் முடியாததை ஒரு ஹாலிவுட் பாணிக் குடும்பக் கதை செய்துவிட்டதே என்று டெர் ஷ்பீகல் இதழ் வரலாற்றாசிரியர்களைக் குத்திக்காட்டியது. அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மன் நாடாளுமன்றம், கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடர இருந்த காலவரம்பை 255க்கு 222 என்ற வாக்கில் நீக்கியது. நீக்காமல் விட்டிருந்தால், இன்னும் பிடிபடாத நாஜிக் கொலைகாரர்கள் பலர் அந்த ஆண்டு முடிவோடு சட்டத்தின் கைக்கு எட்டாமல் போயிருப்பார்கள்.

வரலாற்றுக் கொடுமைகளைச் சொல்லும் கதைப்படங்கள் பார்வையாளரை மாற்றுகின்றனவா என்று கேட்கும் எவரும் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த நிகழ்வைத்தான். எனக்கும் இது பிடித்த உதாரணம். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது. 1961இல் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு, 1963 முதல் 1965 வரை ஃபிராங்ஃபர்ட்டில் நடந்த ஆஷ்விட்ஸ் வழக்கு, 1968இல் தந்தையரை நிறுத்திக் கேள்வி கேட்ட தலைமுறை எல்லாம் முன்னதாகவே நிலத்தை உழுதிருந்தன. காலவரம்பு 1965இலும் 1969இலும் ஏற்கெனவே தள்ளிவைக்கப்பட்டு, மீண்டும் முடிவெடுத்தே ஆகவேண்டிய ஆண்டில் தொடர் வந்து சேர்ந்தது. அந்தத் தொலைபேசிகள் இல்லாமல், அந்த மசோதா இல்லாமல், நான்கு இரவுக் கண்ணீர் எங்கே போயிருக்கும்?

படங்கள் மனத்தை மாற்றுகின்றனவா என்ற ஆய்வின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று எதிர்த்திசையில் நிற்கிறது. 1930களின் தொடக்கத்தில் ரூத் பீட்டர்சன், எல்.எல். தர்ஸ்டன் என்ற இரு உளவியலாளர்கள், இல்லினாய் மாநிலத்தின் கிரிஸ்டல் லேக் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தைப் போட்டுக் காட்டினார்கள். டி.டபிள்யூ. கிரிஃபித் 1915இல் எடுத்த அந்தப் படம், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தெற்கை வெள்ளையர்கள் கொடுமைக்கு ஆளான நிலமாகக் காட்டி, வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானை மீட்பராக்கியது. கறுப்பினத்தாரைப் பற்றிய பிள்ளைகளின் மனப்பான்மையைப் படத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். தெளிவாகக் கெட்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து மறுபடி அளந்தபோதும் அந்த விளைவின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. பொருளியலாளர் டெஸ்மண்ட் ஆங் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட அதிர்ச்சி தருவது. படம் ஊர் ஊராகச் சுற்றிய தேதிகளை எடுத்து வன்முறைப் பதிவுகளோடு ஒப்பிட்டார். படம் வந்து சேர்ந்த வட்டாரத்தில் அடுத்த ஒரு மாதத்தில் கும்பல் கொலைகள் ஐந்து மடங்காகியிருந்தன. அதே வட்டாரங்களில்தான் பின்னாளில் கிளானும் அதிகம் வேர்விட்டது.

‘ஹோலோகாஸ்ட்’ செய்த நன்மைக்கு நாம் சூழலைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ செய்த தீமைக்கோ தேதி போட்ட கணக்கே கிடைக்கிறது. வெறுப்புக்கும் சூழல் வேண்டும், அதை மறுக்கவில்லை. கையில் இருக்கும் சான்றுகளின் எடையைச் சொல்கிறேன்.

அரசே படமெடுத்து, அரசே பார்க்கவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா இருக்கிறது. 1965 செப்டம்பர் 30 இரவில் ஆறு தளபதிகள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்கலாகக் கம்யூனிஸ்டுகள் என்ற பெயரில் குறைந்தது 5 லட்சம் பேர் கொன்று குவிக்கப்பட்டார்கள். 1984இல் சுகார்த்தோ அரசு அரிஃபின் நூர் என்ற திறமையான இயக்குநரைக் கொண்டு எடுத்த நான்கரை மணி நேரப் படம், தளபதிகளின் சாவை விரிவாகக் காட்டியது. லட்சக்கணக்கானோரின் சாவை விட்டுவிட்டது. சித்திரவதைக் காட்சிகள் அதில் கோரமானவை. தளபதிகளின் உடற்கூறாய்வு அறிக்கைகளில் அப்படிப்பட்ட சிதைப்பு எதுவும் இல்லை என்பதை ஆய்வாளர் பெனடிக்ட் ஆண்டர்சன் 1987இல் வெளிக்கொண்டுவந்தார். ஆனாலும் 1998இல் சுகார்த்தோ வீழும்வரை ஒவ்வொரு செப்டம்பர் 30 அன்றும் படம் ஒளிபரப்பானது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 2017இல் ராணுவத் தலைமைத் தளபதி அதை மறுபடியும் வீரர்களுக்குத் திரையிட ஆணையிட்டார். பொய் எனத் தெரிந்த பிறகும் ஒரு படம் ஓய்வு பெறுவதில்லை.

நல்ல நோக்கத்தோடு எடுத்த படங்கள் மட்டும் நினைவில் எதை விட்டுச்செல்கின்றன? ஆண்ட்ரூ பட்லரும் அவரது குழுவினரும் 2009இல் செய்த பரிசோதனை ஒன்று வகுப்பறைக்கு மிகவும் பயன்படும். மாணவர்கள் ஒரு வரலாற்றுப் பாடத்தைப் படித்தார்கள், அதே நிகழ்வைப் பற்றிய திரைப்படத் துண்டையும் பார்த்தார்கள். படம் பாடத்தோடு ஒத்துப்போன இடங்களில் நினைவு பாதிக்குப் பாதி கூடியது. படம் பாடத்தை மீறிய இடங்களிலோ, சரியான செய்தியைப் படித்திருந்தும், ஏறக்குறைய பாதித் தருணங்களில் படத்தின் தவறையே விடையாக எழுதினார்கள். ‘சினிமாவில் பிழை இருக்கலாம், கவனம்’ என்ற பொது எச்சரிக்கை எதற்கும் உதவவில்லை. இன்ன காட்சியில் இன்னது தவறு என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் பிழை குறைந்தது. நம் படங்களின் தொடக்கத்தில் ஓடும் ‘யாவும் கற்பனையே’ அட்டையின் மதிப்பு என்ன என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்’ இதற்குத் தெளிவான உதாரணம். ஜான் பாயனின் நாவல், 2008இல் படம். வதைமுகாம் தளபதியின் மகன் வேலிக்கு அப்பாலுள்ள யூதச் சிறுவனோடு நட்பாகி, முகாமுக்குள் நுழைந்து, அவனோடு சேர்ந்து நச்சுப்புகையில் சாகிறான். பிரிட்டிஷ் பள்ளிகளில் யூதப் படுகொலையைப் பற்றிப் பிள்ளைகள் அறிந்திருப்பதை இந்தக் கதை பெருமளவு வடிவமைத்திருக்கிறது. உண்மைச் சம்பவம் என்றே நம்பியவர்கள் பலர். ஆஷ்விட்ஸ் நினைவகம் 2020இல் அந்த நாவலைத் தவிர்க்கும்படி வெளிப்படையாகவே சொன்னது. தகவல் பிழைகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இறுதிக் காட்சியில் நம் நெஞ்சு பதறுவது மகனைத் தேடி ஓடும் தளபதியின் குடும்பத்துக்காக. இரக்கம் சுரக்கிறது, ஆனால் கதை அதைக் கொலைகாரன் வீட்டு வாசலுக்கு அழைத்துப்போய்விடுகிறது.

எல்லாரும் அழுவதுமில்லை. 1994இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் காசில்மாண்ட் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ பார்க்க அழைத்துச்சென்றார்கள். கொலைக் காட்சி ஒன்றில் சிலர் சிரித்துவிட, திரையரங்க உரிமையாளர் கூட்டம் முழுவதையும் வெளியேற்றினார். நாடெங்கும் கண்டனம். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள். என்ன படம், ஏன் பார்க்கிறோம் என்று போதிய அறிமுகம் இல்லாமல் கொண்டுபோய் உட்காரவைக்கப்பட்டவர்கள். படத்தின் இயக்குநர் ஸ்பீல்பெர்க் பிறகு அந்தப் பள்ளிக்கே போய்ப் பிள்ளைகளின் பக்கம் நின்று பேசினார். அவர் அந்தப் படத்தையடுத்துத் தொடங்கிய வாய்மொழிச் சாட்சிய அமைப்பு 50,000க்கும் மேற்பட்டவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்தது. படத்தைவிட அதுதான் நீடித்த பங்களிப்பு என்பது என் எண்ணம்.

அழுதவர்களும் செயலில் இறங்கிவிடுவதில்லை. அமெரிக்க அடிமை முறையைச் சொன்ன ‘ரூட்ஸ்’ தொடரை 1977இல் நாடே பார்த்தது. ஆய்வாளர்கள் விசாரித்தபோது, ஏற்கெனவே கறுப்பினத்தார்மீது பரிவு கொண்டிருந்த வெள்ளையரைத்தான் அது அதிகம் ஈர்த்திருந்தது. ஆலிவர் ஸ்டோனின் ‘ஜே.எஃப்.கே.’ ஓர் அமெரிக்க அதிபரின் கொலைச் சதியைப் பற்றியதே தவிரப் பெருந்திரள் படுகொலையைப் பற்றியதல்ல. ஆனாலும் அதன் பார்வையாளர்களிடம் 1995இல் வெளியான ஆய்வு கண்டது இங்கே பொருந்தும். படம் முடிந்து வெளியே வந்தவர்களிடம் கோபம் கூடியிருந்தது, வாக்களிக்கும் எண்ணமோ குறைந்திருந்தது. ரோலண்ட் இம்ஹோஃப், ரைனர் பான்ஸ ஆகியோரின் 2009 ஆய்வு இன்னும் கசப்பானது. யூதர்களின் துயரம் இன்றும் தொடர்கிறது என்று ஜெர்மன் மாணவர்களிடம் சொல்லி, பொய் சொன்னால் கருவி காட்டிக்கொடுத்துவிடும் என்றும் நம்பவைத்தார்கள். யூதர்மீதான வெறுப்பு கூடிப்போயிருந்தது. குற்றவுணர்வைச் சுமக்க முடியாத மனம், அதை ஏற்படுத்தியவன் மீதே பாய்கிறது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. பீஷ்ம சாஹ்னியின் நாவலை வைத்துக் கோவிந்த் நிஹலானி எடுத்த ‘தமஸ்’, பிரிவினைக் கலவரத்தைக் காட்டுவதால் மீண்டும் கலவரம் மூளும் என்று 1988இல் வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் படத்தைப் பார்த்துவிட்டு வழக்கைத் தள்ளினார்கள். எளிதில் தடுமாறும் மனத்தை வைத்து அல்ல, நிதானமும் துணிவும் உள்ள மனிதரை வைத்தே படத்தின் விளைவை அளக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றமும் சொன்னது. ‘தமஸ்’ஸுக்கு அது நியாயமான தீர்ப்பு. 2022இல் ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ பல மாநிலங்களில் வரிவிலக்கோடு ஓடியபோது, படம் முடிந்ததும் அரங்குக்குள் முஸ்லிம்களுக்கு எதிராக முழக்கமிட்ட காணொளிகள் பரவின. அந்தப் படம் சொல்லும் காஷ்மீரப் பண்டிட்டுகளின் துயரம் மெய். அந்த மெய்த்துயரத்தை அரங்கில் இருந்தவர்கள் சிலர் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதும் மெய்.

இத்துறையில் எனக்கு நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று திரைப்படத்தைப் பற்றியதே அல்ல. ருவாண்டாவில் இனப்படுகொலைக்குப் பத்து ஆண்டுகள் கழித்து ‘முசெகெவேயா’ என்ற வானொலி நாடகம் தொடங்கியது. பகைகொண்ட இரு ஊர்களின் கதை. உளவியலாளர் எலிசபெத் லெவி பலக் ஓராண்டுக்குச் சில குழுக்களுக்கு இதையும், மற்றக் குழுக்களுக்கு உடல்நலம் பற்றிய நாடகத்தையும் கேட்கக் கொடுத்தார். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் அவ்வளவாக மாறவில்லை. ஆனால் ஊரில் எது முறை, எதைப் பேசலாம் என்ற எண்ணம் மாறியது. முடிவில் ஒரு டேப் ரெக்கார்டரைப் பரிசாகக் கொடுத்தபோது, உடல்நல நாடகம் கேட்டவர்கள் அதை ஊர்த்தலைவரிடம் ஒப்படைத்தார்கள். ‘முசெகெவேயா’ கேட்டவர்கள் யார் வைத்திருப்பது, எப்படிப் பகிர்வது என்று தங்களுக்குள் விவாதித்து முடிவெடுத்தார்கள். அவர்கள் அந்த நாடகத்தை ஆண்டு முழுவதும் கூட்டமாக உட்கார்ந்து கேட்டவர்கள், கேட்டுப் பேசியவர்கள்.

பள்ளியிலும் திரைப்படச் சங்கத்திலும் இப்படிப்பட்ட படங்களைப் போடுகிற ஆசிரியர்களே, நண்பர்களே: எந்தக் காட்சி கற்பனை என்பதைத் தொடங்கும் முன்பே பெயர் சொல்லிச் சுட்டுங்கள். படம் இரண்டு மணி நேரம் என்றால் அரங்கை மூன்று மணி நேரத்துக்கு எடுங்கள்.