பாதி போனவர்கள்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் பெங்களூருவின் மடிவாளாவில் நின்று பார்த்தால் தெரியும். முதுகுப்பையோடு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் சாலையோரம் முழுக்கக் காத்திருப்பார்கள். சேலம், மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று பேருந்துகள் வரிசையாக வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகும். திங்கள் விடியற்காலையில் அதே பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு அதே இடத்தில் இறங்குவார்கள். பைக்குள் அம்மா கட்டிக்கொடுத்த இட்லிப்பொடி டப்பா இருக்கும். குளித்துவிட்டு நேரே அலுவலகம். நானும் மூன்று ஆண்டுகள் அந்தக் கூட்டத்தில் நின்றவள்.

படித்து முடித்ததும் வேலைக்காக வேறு மாநிலம் போவது இன்று தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணச் செய்தி. கல்லூரி வளாகத் தேர்வில் பெயர் வந்தால் இனிப்பு கொடுக்கிறோம். எந்த ஊர் என்று பிறகுதான் கேட்கிறோம். இந்த வழக்கத்தால் வரும் நன்மை பெரிது, கேடும் பெரிது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: போவதில் தவறில்லை, பாதி மட்டும் போவதில்தான் தவறு இருக்கிறது. உடம்பும் உழைப்பும் அங்கே, வாக்கும் உறவும் மனசும் இங்கே என்று வாழும் அரைகுறைக் குடியேற்றம் இளைஞரையும் வளர்ப்பதில்லை, போன ஊரையும் வளர்ப்பதில்லை.

கிடைப்பது என்ன?

2011 முதல் 2016 வரை ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் இடம்பெயர்ந்ததாக 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது. நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும் அங்கே குடியிருக்கவும் அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு உரிமை தந்திருக்கிறது. இத்தனை பேர் அந்த உரிமையைக் கையில் எடுப்பதற்குச் சம்பளம் மட்டும் காரணமல்ல.

சின்ன ஊரில் ஒரு தொழிலுக்கு ஒன்றிரண்டு நிறுவனங்கள்தான் இருக்கும். மேலாளரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஊரையே விட வேண்டும், இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ வீட்டை மாற்றாமலேயே வேலையை மாற்றலாம். இந்த ஒன்றே தொழிலாளியின் குரலுக்கு வலு கொடுக்கிறது. பக்கத்து மேசைக்காரர் வேலை மாறும்போது அவர் கற்ற வித்தையும் சேர்ந்து நகர்கிறது. அதைப் பார்த்தே அடுத்தவரும் கற்கிறார். என் முதல் இரண்டு ஆண்டுகளில் நான் கற்றதில் பாதி, மதியச் சாப்பாட்டு மேசையில் கற்றது.

அதைவிடப் பெரிய ஆதாயம் விடுதலை. எங்கள் ஊரில் ஒரு பெண் தெருவில் நடந்தால் "யார் வீட்டுப் பொண்ணு?" என்ற கேள்வி கூடவே நடக்கும். அந்தக் கேள்விக்குள் அப்பா பெயர், தெரு, சாதி எல்லாம் அடக்கம். பெங்களூருவில் பி.ஜி. விடுதியில் சேர்ந்த அன்று படிவத்தில் என் பெயரை எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே பணம் கட்டினேன். மூன்று கட்டில்கள், ஓர் இரும்பு அலமாரி, ஒரே ஒரு பிளக் பாயின்ட். அந்த அறையில்தான் முதன்முதலாக யாருடைய மகளாகவும் இல்லாமல் நான் நானாக இருந்தேன். பெளகாவியிலிருந்து ஒருத்தி, திருச்சூரிலிருந்து ஒருத்தி. மூன்று வீட்டுப் பழக்கங்கள் ஒரே அறைக்குள் மோதி, சண்டை போட்டு, சமாதானமாகின. எந்தக் கல்லூரியும் கொடுக்காத படிப்பு அது.

இழப்பது என்ன?

சம்பளத் தாளில் உள்ள எண் கையில் நிற்பதில்லை. வீடு பிடிக்கப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூருவின் நெடுநாள் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அப்பாவின் சேமிப்பிலிருந்தோ அம்மாவின் நகையிலிருந்தோதான். நான் ஒரு வீட்டைக் காலி செய்தபோது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சுவரில் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 2021இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம். மாதிரிச் சட்டம் மாதிரியாகவே இருக்கும்வரை, ஊர் தெரியாத இளைஞரின் தலையில்தான் இந்தச் சுமை ஏறும்.

பணத்தை எப்படியாவது ஈட்டிவிடலாம். ஆள் பலத்தை அப்படி ஈட்ட முடியாது. ஒரு மழைக்காலத்தில் திருச்சூர்த் தோழிக்கு டெங்கு வந்தது. நள்ளிரவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சேர்க்கைப் படிவத்தில் உடன் இருப்பவருக்கு ஒரு கட்டம், உறவுமுறைக்கு ஒரு கட்டம். 'ரூம்மேட்' என்று எழுதினேன். "சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள். அவள் அப்பா ரயில் பிடித்து வந்து சேர மறுநாள் மதியம் ஆனது. அதுவரை அவளுக்காக ஒரு முடிவும் எடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. எடுக்க வேண்டிய நிலை மட்டும் இருந்தது. உறவுக்காரர்களின் கண்காணிப்பு இல்லாத சுகமும், உறவுக்காரர் இல்லாத அந்த இரவும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

அரசு பாதியாக்குகிறது

எங்கும் போகலாம் என்று அரசியல் சாசனம் சொன்னாலும், அன்றாட உரிமைகள் பலவும் முகவரியோடு முடிச்சுப்போடப்பட்டிருக்கின்றன. வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் வாக்காளராகப் பதிய வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆனால் வாடகை ஒப்பந்தமே இல்லாத பி.ஜி. விடுதிவாசி எந்த ஆவணத்தைக் காட்டுவார்? வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் எந்திரம் ஒன்றை 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. கட்சிகள் பல ஐயம் எழுப்பின. அது நடைமுறைக்கு வரவில்லை. விளைவு, தேர்தல் நாளில் ஊருக்குப் போக விடுப்பும் டிக்கெட்டும் கிடைத்தவருக்கே வாக்கு.

இன்னும் ஆழமான வெட்டு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநில அரசுப் பணியில் இடஒதுக்கீடு கோர முடியாது. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018இல் இதை உறுதிசெய்தது. ஒவ்வொரு மாநிலத்தின் பட்டியலும் அந்த மண்ணின் நிலைமையை ஒட்டியது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லையைத் தாண்டியதும் சாதி மறைந்துவிடுவதில்லை. வீடு கேட்கப் போனால் அங்கேயும் விசாரிக்கிறார்கள். பாதுகாப்பு எல்லையில் நின்றுவிட, இழிவு மட்டும் கூடவே வருகிறது. ஊரை விட்டுப் போவது எல்லோருக்கும் ஒரே விலையல்ல என்பதை நாம் பேசுவதே இல்லை.

வண்டிக்கும் இதே கதைதான். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும், புதிதாக வரி கட்ட வேண்டும், பழைய வரியைத் திரும்பப் பெற அலைய வேண்டும். 2021இல் வந்த 'பி.எச்.' பதிவெண் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவன ஊழியர்களுக்கும் மட்டும். பதிவெண் என்பது வெறும் எண்ணும் அல்ல. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. அதே பிரச்சினையில் 1991 டிசம்பரில் அங்கே தமிழர் குடியிருப்புகளே தாக்கப்பட்டன.

நாமும் பாதியாக்குகிறோம்

அரசை மட்டும் குற்றம் சொல்லி இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டுகளில் முதல் ஓராண்டு முழுக்க நான் பேசிய ஒரே கன்னட வாக்கியம் "கன்னட கொத்தில்லா" என்பதுதான். தெரியாது என்று சொல்ல மட்டும் கற்றிருந்தேன்.

எங்கள் விடுதியில் சமைத்த அம்மா தினமும் இரவு "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்பார். சாப்பிட்டாச்சா என்று எங்கள் ஊரில் கேட்பதே அது. ஒரு நாள் பால் பாக்கெட்டைக் காட்டி "ஹாலு" என்றார். பூவைக் காட்டி "ஹூவு" என்றார். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நம் பகரம் அங்கே பல சொற்களில் ஹகரமாகியிருக்கிறது. பத்து அங்கே ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. இந்த ஒரு சாவி கிடைத்ததும் கடைப் பலகைகளும் பேருந்துப் பேச்சும் திறந்துகொண்டன. ஆறே மாதத்தில் காய்கறிக்காரரோடு பேரம் பேசினேன். அடுத்த வீட்டுப் பாட்டி என்னைப் பண்டிகைக்குக் கூப்பிட்டார். ஆங்கிலத்திலும் இந்தியிலும் சமாளித்துக்கொண்டிருந்தவரை அந்தக் கதவு எனக்கு மூடியே இருந்தது.

வாரந்தோறும் ஊருக்கு ஓடும் பேருந்து பாசத்தின் அடையாளம்தான். ஆனால் எல்லா சனி ஞாயிறும் ஊரிலேயே கழிந்தால், வேலை செய்யும் நகரம் ஐந்து நாள் தங்கும் சத்திரமாகிவிடும். சத்திரத்தில் தங்குபவர் அங்கே மரம் நடமாட்டார். தண்ணீர் வரவில்லை என்று வார்டு அலுவலகத்தில் கேட்கமாட்டார். "வந்தவர்கள் ஊரைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்" என்ற உள்ளூர்க் கோபம் பிறக்கும் இடம் இதுதான்.

பெங்களூருவின் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் வேறு வழி காட்டியிருக்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பிள்ளைகளுக்கு இரண்டும். அவர்களுக்கும் எளிதாக எதுவும் கிடைக்கவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் இருந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. மதிப்பைக் கொடுத்துத்தான் மதிப்பைப் பெற முடிந்தது.

இங்கே வருபவர்கள்

பெங்களூருவில் நாம் எதிர்பார்ப்பதை, திருப்பூருக்கும் ஓசூருக்கும் திருப்பெரும்புதூருக்கும் வரும் ஒடிசா, ஜார்கண்ட், பீகார் இளைஞர்களுக்குத் தருகிறோமா? பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவின. பொய்தான் என்று அரசு விளக்கியும், பலர் அஞ்சி ஊருக்கு ரயில் ஏறினார்கள். நம்மோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் ஒரு காணொளியை நம்பினார்கள் என்றால், நம்மில் எத்தனை பேர் அவர்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டிருப்போம்?

உள்ளூர் இளைஞரின் குறை பொய்யல்ல. தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதன் வாசலில் வேலை இல்லை என்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் சுவர் எழுப்புவது தீர்வாகவில்லை. தனியார் வேலைகளில் 75 சதவீதத்தை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 ஜூலையில் அதேபோன்ற மசோதாவைக் கொண்டுவர முயன்ற கர்நாடக அரசு, சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தது. உள்ளூர்ப் பிள்ளைக்குத் தேவை தொழிற்பயிற்சி. வெளியூர்ப் பிள்ளைக்குத் தேவை நியாயமான வாடகையும் எளிதான வாக்காளர் பதிவும். ஒருவருக்குக் கொடுக்க மற்றவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இந்த வழக்கத்துக்குச் சார்பானதுதான். வேலைக்காக மாநிலம் தாண்டுவது, குறிப்பாகப் பெண்களுக்கு, இன்றும் கிடைக்கும் நல்ல வாசல்களில் ஒன்று. அதை அரைகுறையாக்கும் சட்டங்களை அரசுகள் மாற்ற வேண்டும். அரைகுறையாக்கும் பழக்கங்களை நாம் மாற்ற வேண்டும்.

கையில் பணி ஆணையோடு பெட்டி கட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல்: போங்கள், முழுதாகப் போங்கள். முதல் மாதமே அந்த ஊர் மொழியில் பத்து வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள். படிவம் 8ஐ நிரப்பி வாக்கை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது சனி ஞாயிறை அந்த ஊரிலேயே கழியுங்கள். அம்மாவின் இட்லிப்பொடி தீர்ந்துவிடாது. அடுத்த வாரம் அதில் பாதியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.