எவ்வளவு காட்டலாம்?

நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் பட்டாபிராம். அங்கே 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் ஐடி வளாகத்தைத் திறந்தார்கள். இப்போதெல்லாம் எங்கள் மின்சார ரயிலில் மனை விலை, வெளிவட்டச் சாலை நெரிசல் இவற்றோடு ‘பில்டு ஏன் இவ்ளோ நேரம் எடுக்குது’ என்ற பேச்சும் காதில் விழுகிறது. சி++ மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்களின் தீராத புலம்பல் அது. அந்தப் புலம்பலுக்கு அடியில் ஒரு நுட்பமான கலை இருப்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசக் கேட்டதில்லை. ஒரு மாட்யூல் தன் ஃபங்ஷனின் உள்வரிகளை அடுத்த மாட்யூலுக்கு எவ்வளவு காட்டுவது என்ற கலை. எனக்கு அதில் தனி ருசி.

ஃபங்ஷனை அழைப்பதற்குச் செலவு உண்டு. இரண்டே வரி ஃபங்ஷன் என்றால் அது செய்யும் வேலையைவிட அழைக்கும் செலவே அதிகமாகிவிடும். அதனால் கம்பைலர் அழைப்பை நீக்கிவிட்டு உள்வரிகளை அங்கேயே விரித்துவிடுகிறது. அழைப்பு மிச்சமாவது சின்ன லாபம்தான். விரித்த வரிகள் சுற்றியிருக்கும் கணக்கோடு கலந்து, சில சமயம் மொத்தமும் ஒற்றை எண்ணாகக் கரைந்துபோகுமே, அதுதான் பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் விரிப்பதற்கு முதலில் உள்வரிகள் கண்ணில் பட வேண்டும். அவை வேறொரு ஃபைலில் இருந்தால் என்ன செய்வது?

சி++ மொழிக்கு முந்தைய வடிவமான ‘சி வித் கிளாசஸ்’ மொழியில், 1981-இல் பியார்னே ஸ்ட்ராஸ்ட்ரப் இப்படி விரிப்பதற்கென்றே இன்லைன் ஃபங்ஷனைச் சேர்த்தார். அது நிலைத்த வழி முரட்டுத்தனமானது: உள்வரிகளை ஹெடர் என்ற பொது ஃபைலில் எழுது, வேண்டிய ஃபைலெல்லாம் அந்த ஹெடரை உள்ளே இழுத்துக்கொள்ளட்டும். ஐம்பது ஃபைல் இழுத்தால் ஐம்பது ஆப்ஜெக்ட் ஃபைலிலும் அதன் பிரதி உட்காரலாம். ஒரே பத்திரத்துக்கு ஐம்பது ஜெராக்ஸ் போட்டதுபோல. கடைசியில் ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் கோக்கும் லிங்கர் வந்து ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். ஆப்ஜெக்ட் ஃபைலில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கமாண்டை ஓட்டினால் இன்லைன் ஃபங்ஷன்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் ‘டபிள்யூ’ என்ற எழுத்து நிற்கும். வீக், அதாவது ‘எனக்கு இணையாக இன்னொன்று வந்தால் சண்டை போடமாட்டேன்’ என்று பொருள்.

எல்லாப் பிரதியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது மொழியின் விதி. மீறினால்? கம்பைலர் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரண்டு ஃபைலில் ஒரே பெயரில் வெவ்வேறு இன்லைன் ஃபங்ஷன் இருந்தால், ஆப்டிமைசேஷன் இல்லாத பில்டில் லிங்கர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, இருவருக்கும் அதுவே கிடைக்கும். ஆப்டிமைசேஷன் போட்டால் அவரவர் உள்வரிகள் அவரவர் ஃபைலிலேயே விரிந்துவிடும். பிழை இருந்த சுவடே தெரியாது. டீபக் பில்டில் உடைந்து ரிலீஸ் பில்டில் ஓடும் இந்த விசித்திரத்தை முதல்முறை சந்திப்பவர் கம்பைலரைத்தான் சந்தேகப்படுவார். இதைப் பல பத்தாண்டுகள் பொறுத்துக்கொண்ட சமூகத்தின் சகிப்புத்தன்மையை நான் பாராட்ட மாட்டேன்.

சி மொழி 1999-இல் வேறு வழி எடுத்தது. ஹெடரில் இருக்கும் இன்லைன் வெறும் பார்வைக்கு. அசல் பிரதியை ஏதோ ஒரு ஃபைல் ‘எக்ஸ்டர்ன்’ என்று சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். ஜிசிசி கம்பைலர் இதற்கு நேர்மாறான பொருளை வெகுகாலம் வைத்திருந்தது. குழப்பம்தான், ஆனாலும் யோசனை அழகானது. எல்எல்விஎம் கம்பைலரின் இடைநிலை வடிவத்தில் அதற்கு ‘அவெய்லபிள் எக்ஸ்டர்னலி’ என்று ஓர் அடையாளமே உண்டு: இந்த உள்வரிகளைப் படித்துக்கொள், விரித்துக்கொள், ஆனால் உன் ஆப்ஜெக்ட் ஃபைலில் எழுதாதே. அசல் வேறிடத்தில் இருக்கிறது.

சி++20-இல் ஹெடருக்கு மாற்றாக வந்த மாட்யூல்தான் என் ரசனைக்கு உச்சம். அதுவரை கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷன் எல்லாம் சொல்லாமலே இன்லைன் ஆகிவிடும். பெயருள்ள மாட்யூலுக்குள் அப்படி ஆகாது. நீங்களே ‘இன்லைன்’ என்று எழுதினால்தான் உள்வரிகள் இம்போர்ட் செய்பவருக்குப் போகும் என்று நம்பலாம். எழுதாவிட்டால் அது உங்கள் சொந்த விஷயம். நாளைக்கு மாற்றி எழுதினாலும் மற்றவர்களின் பைனரி உடையக் கூடாது என்பதுதான் நோக்கம். இதைவிட நயமான விதி ஒன்றும் உண்டு. வெளியே போகும் இன்லைன் ஃபங்ஷன், தன் ஃபைலுக்குள் மட்டும் தெரியும் ஒரு ஸ்டாட்டிக் உதவி ஃபங்ஷனைத் தொட்டால் அது பிழை. ஹெடர் காலத்தில் இதே தவறு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்: ஒவ்வொரு ஃபைலும் தன் சொந்த உதவி ஃபங்ஷனை அழைத்துக்கொண்டிருக்கும். பெயரிலும் மாட்யூல் ஒட்டிக்கொள்கிறது. ஜிசிசி, கிளாங் இரண்டும் ஃபங்ஷனின் சிம்பலுக்குள் மாட்யூலின் பெயரைப் பொதிக்கின்றன. அதை அவிழ்த்துப் பார்த்தால் மின்னஞ்சல் முகவரி மாதிரி, நடுவில் ‘@’ போட்டுக் காட்டும். இரண்டு மாட்யூலில் ஒரே பெயர் இருந்தாலும் மோதல் இல்லை.

ஓகேமல் மொழிக்காரர்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கலாம். டைப் விவரம் ‘சிஎம்ஐ’ ஃபைலில், விரிப்பதற்கான விவரம் ‘சிஎம்எக்ஸ்’ ஃபைலில் என்று அவர்கள் முன்பே பிரித்துவிட்டார்கள். இரண்டாவது கிடைக்காவிட்டாலும் புரோகிராம் ஓடும், கொஞ்சம் மெதுவாக. ‘ஒபேக்’ என்று ஃபிளாக் கொடுத்தால் உள்வரிகள் எதையும் காட்டாது. டெவலப்மென்ட் பில்டில் அவர்களின் டூன் என்ற பில்டு கருவி அதைத்தான் போடுகிறது. மறுபக்கம் கோ மொழி எதையும் கேட்பதில்லை. ஒவ்வொரு ஃபங்ஷனையும் எடைபோட்டு, 80 என்ற வரம்புக்குள் இருந்தால் உள்வரிகளைப் பேக்கேஜ் எல்லை தாண்டி அனுப்பிவிடும். நல்ல ஏற்பாடுதான், எழுதுபவரின் விருப்பத்துக்கு அங்கே இடம் குறைவு.

பழைய ஹெடரை மாட்யூலாக மாற்றுபவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கிளாஸுக்குள் இருந்த ஒற்றை வரி கெட்டர்கள் இன்லைன் தகுதியை இழந்து, நிஜமான அழைப்புகளாக மாறலாம். ‘இன்லைன்’ என்று எழுதிவிட்டால் வேகம் திரும்பும். ஆனால் அந்த ஒற்றை வரியை மாற்றும்போதெல்லாம் இம்போர்ட் செய்தவர்கள் எல்லோரும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதற்கும் மனமில்லாதவர்களுக்கு எல்எல்விஎம்மில் ‘தின்எல்டிஓ’ இருக்கிறது. லிங்க் செய்யும் நேரத்தில் ஒவ்வொரு ஃபைலின் சுருக்கத்தை மட்டும் படித்து, எந்த ஃபங்ஷனை எங்கே கொண்டுபோனால் லாபம் என்று முடிவு செய்து, தேவையான உள்வரிகளை மட்டும் இழுத்துவரும். அப்படி வந்து சேர்ந்த வரிகளின் மேலும் அதே ‘அவெய்லபிள் எக்ஸ்டர்னலி’ முத்திரைதான் இருக்கும்.