மீனில் கிடைத்த மரபணுப் பட்டியல்: சரி, அப்புறம்?

வளர்ப்பு மீனில் உள்ள பாக்டீரியாக்களின் ஜீனோமைப் படிக்கும் ஆய்வுகளுக்கு இப்போது ஒரு வார்ப்பே உருவாகிவிட்டது. மீன் வாங்கு, பாக்டீரியாவை வளர்த்தெடு, டி.என்.ஏ. வரிசையைப் படி, தரவுத்தளத்தில் போட்டுப் பார். ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்களின் நீளமான பட்டியல் ஒன்று வந்து விழும். கடைசிப் பத்தியில் ‘பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து’ என்று எழுதி முடித்துவிடலாம். பட்டியலில் தப்பு இல்லைங்க. அதையே முடிவாக நீட்டுவதில்தான் எனக்குச் சண்டை.

முதல் கேள்வி: அந்த மரபணு யாருடையது? நன்னீர் மீன்களில் சர்வசாதாரணமாக இருக்கும் ஏரோமோனாஸை எடுத்துக்கொள்வோம். ஆம்பிசிலினைத் தாங்குவது அதன் பெரும்பாலான இனங்களுக்குப் பிறவிக் குணம். ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுக்கும் வளர்ப்பு ஊடகத்திலேயே ஆம்பிசிலின் சேர்ப்பார்கள், மற்ற பாக்டீரியாக்கள் வளராமல் இருக்கட்டும் என்று. மருத்துவமனைகளில் கடைசிக் கட்டத்துக்கு வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் மரபணுகூட சில ஏரோமோனாஸ் இனங்களின் குரோமோசோமிலேயே இருக்கிறது. பண்ணையில் ஒரு சொட்டு மருந்து ஊற்றாவிட்டாலும் அது இருக்கும். அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு மீன் வளர்ப்பவரைக் கைகாட்டினால் என்ன நியாயம்?

இரண்டாவது: அது எங்கே உட்கார்ந்திருக்கிறது? 2015-இல் சீனாவிலிருந்து எம்.சி.ஆர்-1 மரபணு பற்றிய கட்டுரை வந்தபோது உலகமே பதறியது. கொலிஸ்டினைத் தாங்கும் பாக்டீரியா அதற்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் இந்த மரபணு பிளாஸ்மிடில் இருந்தது. அதாவது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. பதற்றம் அதற்குத்தான். டி.என்.ஏ.வைக் குட்டிக் குட்டித் துண்டுகளாகப் படிக்கும் முறையில் பெரும்பாலும் இந்த இடம்தான் சரியாகத் தெரியாது. எதிர்ப்பு மரபணுவின் இரு பக்கமும் ஒரே மாதிரி வரிசைகள் திரும்பத் திரும்ப வருவதால் துண்டுகள் ஒட்டாமல் அறுந்துவிடும். நீளமாகப் படிக்கும் முறை வந்து வருஷங்கள் ஆகின்றன. அதைப் பயன்படுத்தாமலே ‘பரவும் அபாயம்’ என்று எழுதுவது ஊகம்தான்.

மூன்றாவது: மீன் எங்கே வாங்கியது? ஈ. கோலை மீன் குடலின் நிரந்தரவாசி கிடையாது. சந்தை மீனில் அது இருந்தால் கழிவுநீர், ஐஸ், வெட்டுக்கத்தி, கை என எதிலிருந்தும் வந்திருக்கலாம். சந்தையில் எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு குளத்தைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது.

அப்படியென்றால் ஜீனோம் ஆய்வே வீணா? இல்லவே இல்லை. சிலியைப் பாருங்கள். அங்கே சால்மன் பண்ணைகளில் போடும் ஆன்டிபயாட்டிக்கில் மிகப் பெரும்பகுதி ஃப்ளோர்ஃபெனிகால். பிசிரிக்கெட்சியா என்ற பாக்டீரியா தரும் நோய்தான் முக்கியக் காரணம். எவ்வளவு மருந்து போனது என்று அரசின் மீன்வளத் துறையே வருடாவருடம் அறிக்கை வெளியிடுகிறது. ஆகவே அங்கே கிடைக்கும் ஃப்ளோர்ஃபெனிகால் எதிர்ப்பு மரபணுவை மருந்துக் கணக்கின் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது. நார்வேயில் 1987-இல் சுமார் 48 டன் ஆன்டிபயாட்டிக் போனது. தடுப்பூசிகள் வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு பெருகியும், இன்று அது ஒரு டன்னுக்கும் கீழே. இப்படி ஒப்பிடக் கணக்கு வேண்டும். மருந்துக் கணக்கே இல்லாத குளத்திலிருந்து வரும் ஜீனோம், பாதி வாக்கியம்தான்.

அடுத்த முறை ‘மீனில் சூப்பர்பக்’ என்று தலைப்பு கண்ணில் பட்டால், மூலக் கட்டுரையில் ஆய்வுமுறைப் பகுதிக்கு நேராகப் போங்கள். மாதிரி எடுத்த இடம், வரிசை படித்த முறை, அந்தப் பண்ணையின் மருந்துப் பதிவு. இந்த மூன்றும் இருந்தால் உட்கார்ந்து முழுசாகப் படிக்கலாம். இல்லையென்றால் பட்டியலைப் பட்டியலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.